குருவின் கோட்டைத் தொடரும் கைகள்

சென்ற கோடை விடுமுறையில் புனாவிலிருந்து என் தமக்கை மகன் மாட்டுங்காவில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். பதினேழு வயதுப் பிள்ளை. எப்பொழுதும் கையில் பேனாவும் மடியில் வரைதாளுமாக இருப்பவன். வந்த அன்று மாலையே ஒரு படத்தை என் முன் விரித்தான். மஞ்சளும் வெளிர் நீலமுமான வானம். அதில் உயர்ந்த கூம்புத் தொப்பி அணிந்த ஒருவன், தோல் இறகுகளையுடைய விநோதப் பறவையொன்றின் முதுகில் அமர்ந்து பறந்து செல்கிறான். கீழே பரந்து கிடப்பது ஏதோ அயல்கிரகத்துப் பாலைவனம் போல் தோன்றுகிறது. உற்று நோக்கினால் அது சஹ்யாத்ரி மலைத்தொடர் என்பதும், ஒரு முகட்டில் தெரிவது சிங்ககட் கோட்டை என்பதும் விளங்கும்.

"மாமா, இதை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'இது உன் கற்பனையன்று, வேறொருவருடையது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் திருடினேனா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டான்.

அவன் குரலில் கோபத்தைக் காட்டிலும் அச்சமே மிகுதியாக இருந்தது. தான் மிகவும் விரும்பும் ஒருவரிடமிருந்து தான் திருடிவிட்டோமோ என்னும் அச்சம் அது. உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர் அது குறித்து எண்ணியவற்றையும் படித்தறிந்தவற்றையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் இல்லங்களிலும் இவ்வாறு வரையும் பிள்ளைகள் இருக்கக்கூடும். ஒரு சித்திரக்காரர்பால் கொண்ட அன்பினால் அவருடைய பாத்திரங்களையும் பாணியையும் தம் கையால் மீண்டும் வரைவதை இக்காலத்தில் ரசிகர் ஓவியம் என்று வழங்குகிறார்கள். பெயர் புதிது. வழக்கம் மிகப் பழையது.

அந்தப் பறவை வீரனைப் படைத்தவர் யார்? அவர் பெயர் ழான் ஜிரோ, பிரெஞ்சு நாட்டவர். உலகம் அவரை மோபியஸ் என்னும் புனைபெயராலேயே மிகுதியும் அறியும். 'அப்படி ஒருவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லையே' என்று நீங்கள் எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். தமிழ்நாட்டில் சிறுவராக இருந்த காலத்தில் சித்திரக்கதைகள் படித்தவர்களுக்கு அவர் கை மிகவும் பழக்கமானது. சிவகாசியில் 1972ஆம் ஆண்டு தோன்றிய முத்து காமிக்ஸையும், 1984இல் அதனைத் தொடர்ந்து வந்த லயன் காமிக்ஸையும் அறியாத வாசகர் அரியர். அவ்வெளியீடுகளில் உலாவிய கேப்டன் டைகர் என்னும் அமெரிக்கக் குதிரைப்படை வீரனை நினைவிருக்கிறதா? உடைந்த மூக்கும், சவரம் செய்யாத முகமும், மேலதிகாரிக்கு அடங்காத நாக்கும் உடையவன். 'தங்கக் கல்லறை' படித்தவர்கள் அவனை மறந்திருக்க மாட்டார்கள். 2015இல் 'மின்னும் மரணம்' வண்ணத்தில் பெருந்தொகுதியாக வந்தபொழுது, அதை வெளிமாநிலங்களிலிருந்து பணம் அனுப்பி அஞ்சலில் வரவழைத்துக் கொண்டவர்களுள் அடியேனும் ஒருவன்.

பிரெஞ்சு மூலத்தில் அவ்வீரனின் பெயர் புளூபெர்ரி. அவனை வரைந்தவர் இந்த ழான் ஜிரோவே. கதை எழுதியவர் ழான் மிஷல் ஷார்லியே. நாம் இளமையில் படங்களைக் கண்ணால் விழுங்கினோமேயன்றி, அவற்றை வரைந்தது யார் கை என்று கேட்டோமா? நான் கேட்டதில்லை. என் மருமகன் கேட்டிருக்கிறான். அவ்வகையில் அவன் என்னினும் நல்ல வாசகன்.

ஜிரோ 1938ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பாரிஸ் மாநகரை அடுத்த நொழான் சூர் மார்ன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் பாட்டனார் பாட்டியார் இல்லத்தில் வளர்ந்தார். பதினாறாவது வயதில் பாரிஸில் ஒரு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் அதிக காலம் நிலைக்கவில்லை. அவர் அன்னை மறுமணம் செய்துகொண்டு மெக்ஸிகோவில் வாழ்ந்து வந்தார். மகன் அங்கே சென்று சில மாதங்கள் தங்கினார். அந்நாட்டின் பாலைநிலமும் எல்லையற்ற நீல வானமும் அவ்விளைஞரின் உள்ளத்தில் பதிந்தன. அதன் பின்னர் அவர் வரைந்த படங்களில் பாலைவனம் எங்கேனும் ஓரிடத்தில் தலைகாட்டாமல் இருப்பது அரிது.

ராணுவச் சேவை முடித்துத் திரும்பிய ஜிரோ, 1961ஆம் ஆண்டை ஒட்டி, ஜிஜே என்ற புனைபெயருடன் விளங்கிய பெல்ஜிய நாட்டுச் சித்திரக்காரரிடம் உதவியாளராக அமர்ந்தார். ஜிஜே அக்காலத்தில் 'ஜெரி ஸ்ப்ரிங்' என்னும் குதிரைவீரன் கதையை வரைந்துகொண்டிருந்தார். ஆசான் பென்சிலால் வரைந்த உருவங்களின்மீது மையிடுவது மாணவரின் வேலை. நம் சிற்பியர் பட்டறையில் ஆசாரியர் கோடிட்டுக் கொடுக்க, சீடர் உளி பிடிப்பதில்லையா? அத்தகைய பயிற்சியே இது.

1963இல் 'பிலோத்' என்னும் வாரப் பத்திரிகையில் புளூபெர்ரி தொடங்கியபொழுது அப்படங்களில் ஜிஜேயின் சாயல் நிறைந்திருந்தது. குதிரை நிற்கும் விதம், மையின் கனம், நிழல் விழும் இடம் யாவும் ஆசானுடையவை. ஜிரோ பயணம் சென்றிருந்த வேளையில் தொடர் தடைப்படாமல் இருக்க, சில பக்கங்களை ஜிஜேயே வரைந்து கொடுத்தார் என்றால், இருவர் கையும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதை ஊகித்துக் கொள்ளலாம். கதாநாயகனின் முகமோ அந்நாளில் புகழ்பெற்றிருந்த நடிகர் ழான் போல் பெல்மோந்தோவின் முகத்தைத் தழுவியது. இன்று எண்ணற்றோர் போற்றிப் பின்பற்றும் இக்கலைஞர், ஒருவருடைய கோட்டையும் மற்றொருவருடைய முகத்தையும் கடன் வாங்கியே தம் தொழிலைத் தொடங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கடன் கரைந்து, கோடு அவருக்கே உரியதாயிற்று. புளூபெர்ரியின் முதல் நூலையும் பத்தாண்டு கழித்து வந்த நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த வளர்ச்சியைப் பக்கம் பக்கமாகக் காணலாம்.

குதிரைவீரன் கதைகளில் அவர் 'ஜிர்' என்று கையொப்பமிட்டார். மோபியஸ் என்னும் பெயரையும் 1963ஆம் ஆண்டை ஒட்டியே ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்காகச் சூட்டிக்கொண்டிருந்தார். அது ஜெர்மானியக் கணித மேதை ஒருவரின் பெயர். நீண்ட காகிதப் பட்டையை ஒரு முறை முறுக்கி இரு முனைகளையும் ஒட்டினால், உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வேறுபாடற்ற ஒரு வளையம் கிடைக்கும். அதற்கு மோபியஸ் வளையம் என்று பெயர். நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. ஒரே மனிதர், முறுக்கிப் பார்த்தால் வேறொருவர்; பெயர் அவருக்கு நன்றாகவே பொருந்தியது.

அப்பெயர் உண்மையில் விழித்தெழுந்தது 1970களின் நடுவில்தான். பத்திரிகை முதலாளிகளின் விருப்பத்திற்கு வரைந்து சலித்த ஜிரோ, பிலிப் த்ருயே, ழான் பியர் தியோனே ஆகியோரும், கணக்கு வழக்குகளைக் கவனிக்கப் பெர்னார் ஃபர்காஸ் என்பவரும் 1974 டிசம்பரில் ஒன்றுகூடித் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினர். 1975 தொடக்கத்தில் அவர்களுடைய பத்திரிகை வெளிவந்தது. 'மெத்தால் ஊர்லான்' என்று பெயர். 'அலறும் உலோகம்' என்று பொருள். கலைஞர்கள் தாமே முதலாளிகளாக இருந்தமையால், இதை வரையாதே, இதைச் சுருக்கு என்று கூற எவரும் இல்லை. சிறுவர்க்குரியது என்று கருதப்பட்டிருந்த சித்திரக்கதை, வளர்ந்தோரும் படிக்கும் கலையாக ஐரோப்பாவில் வேரூன்றியதில் அப்பத்திரிகைக்குப் பெரும் பங்குண்டு. 1977இல் அதனைத் தழுவி அமெரிக்காவிலும் ஒரு பத்திரிகை தோன்றியது. பொருளாதாரத்தில் அவர்கள் அடிக்கடி தத்தளித்தார்கள் என்பது வேறு கதை. கலைஞர் நடத்தும் பத்திரிகை எந்நாட்டில்தான் தத்தளிக்கவில்லை?

அதில் வந்ததுதான் 'அர்ஸாக்'. கூம்புத் தொப்பியணிந்த வீரன் ஒருவன் பறவைமீது ஊர்ந்து விநோத நிலங்களின்மேல் செல்கிறான். சில பக்கங்களே கொண்ட சிறுகதைகள். அவற்றில் ஒரு சொல்கூட இல்லை! தலைப்பையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமான எழுத்துக்கூட்டலில் எழுதினார். கோடு வரைந்து பின்னர் வேறொரு தாளில் வண்ணம் சேர்ப்பது அந்நாளைய வழக்கம். அவரோ படத்தின்மீதே நேரடியாக வண்ணம் தீட்டினார். சொல் இல்லாமையால் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. தோக்கியோவில் இருந்தவரும் நியூயார்க்கில் இருந்தவரும் ஒரே கதையை ஒரே வண்ணம் கண்டனர். அது உலகமெங்கும் விரைந்து பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்து 1976 முதல் 1979 வரை 'காற்றுப்புகாத பணிமனை' என்று தமிழில் கூறத்தக்க ஒரு தொடரை, முன்திட்டம் ஏதுமின்றி, மாதத்திற்குச் சில பக்கங்களாக, அடுத்த மாதம் என்ன நிகழும் என்பதைத் தாமே அறியாமல் வரைந்தார். நம் சங்கீத வித்வான்கள் ஆலாபனை செய்வதை ஒத்த முயற்சி அது.

அவர் பாணியில் எல்லோரையும் ஈர்ப்பது யாது? குதிரைவீரன் கதைகளில் தூரிகை தந்த கனத்த மை இருந்தது. மோபியஸ் என்ற பெயரில் பெரும்பாலும் பேனாவின் மெல்லிய கோடு. அக்கோடு நடுங்குவதில்லை, ஒரே சீராக ஓடுகிறது. நிழலைக் கருமையாக நிரப்பாமல், சின்னஞ்சிறு புள்ளிகளாலும் குறுங்கோடுகளாலும் காட்டுகிறார். பாறையின் வளைவு எங்கே செல்கிறதோ அங்கேயே அக்குறுங்கோடுகளும் வளைந்து செல்கின்றன. எறும்பு ஊர்ந்த தடம் போல் இருக்கும். பெரியதொரு வெற்றிடத்தில் மனித உருவம் விரல்நகம் அளவே நிற்கும். வண்ணங்கள் வெளிறியவை, அந்திக்கு முன் உள்ள சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, மணலின் மஞ்சள், ஆகாயத்தின் நீலம். இவற்றைப் பார்த்தவுடன் 'இது மோபியஸ்' என்று சொல்லிவிடலாம். எளிதில் அடையாளம் காணக்கூடிய பாணி, எளிதில் நகல் செய்யவும் ஆசையூட்டுகிறது. மயக்கமும் இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்குகின்றன.

2012 மார்ச் 10ஆம் நாள் அவர் பாரிஸில் காலமானார். வயது எழுபத்து மூன்று. அடுத்த சில நாட்களில் உலகின் பல மூலைகளிலிருந்தும் படங்கள் குவிந்தன. தொழில்முறைச் சித்திரக்காரரும், பள்ளி மாணவரும், அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு இரவில் வரைபவரும் அவற்றுள் அடங்குவர். பலரும் வரைந்தது அந்தப் பறவையைத்தான். சிலர் அதன் முதுகில் மோபியஸையே ஏற்றி அனுப்பினார்கள். சிலர் ஆளற்ற பறவையை வரைந்தார்கள். இரங்கற்பா பாடும் மரபு நமக்கு உண்டு. இவை கோட்டில் பாடிய இரங்கற்பாக்கள். அவற்றின் தரம் ஒரே சீராக இருந்தது என்று கூற மாட்டேன். பெரும்பாலானவற்றில் தொப்பியும் பறவையும் இருந்தன. அந்தக் கோடு இல்லை. ஆயினும் இரங்கற்பாவில் யாப்புப் பிழை பார்ப்பவர் யார்?

நகல் செய்து கற்பது இழிவு என்று எண்ணுதல் கூடாது. டச்சு ஓவியர் வான்கோ 1887இல் பாரிஸில் இருந்தபொழுது, ஜப்பானியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தாமே தீட்டினார். 1889, 1890ஆம் ஆண்டுகளில் மனநல விடுதியில் இருந்த காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களுள் ஏறத்தாழ இருபதை மீண்டும் வரைந்தார். அவரிடம் இருந்தவை பெரும்பாலும் வண்ணமற்ற அச்சுப் பிரதிகள். வண்ணங்களைத் தாமே கற்பித்துக் கொண்டார். ஒரு வித்வான் பீத்தோவனின் இசையைத் தம் மனோதர்மப்படி வாசிப்பது போன்றது இது என்ற கருத்தைத் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார்.

அந்த உவமை நமக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும் வித்வானை நாம் திருடர் என்று கூறுவதில்லை. நிரவலும் ஸ்வரமும் அவருடையவை, கிருதி தியாகையருடையது, இதில் எவருக்கும் ஐயமில்லை. ஏன்? சரணத்தில் தியாகராஜர் தம் பெயரை முத்திரையாக வைத்துச் சென்றிருக்கிறார். தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். சியாமா சாஸ்திரிகள் 'சியாமகிருஷ்ண' என்று வைத்தார். பாடுகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆக்கியோன் பெயர் சபையில் ஒலித்தே தீரும். சித்திரத்திற்கு அத்தகைய முத்திரை இல்லை. ஒருவர் கோட்டை மற்றொருவர் வரையும்பொழுது, முன்னவர் பெயர் தானே ஒலிக்காது. பின்னவர் எடுத்து எழுதினால்தான் உண்டு. அமெரிக்கச் சித்திரக்காரர்கள் இதனை உணர்ந்து, ஜாக் கர்பி போன்ற முன்னோரின் புகழ்பெற்ற அட்டைப்படத்தைத் தழுவி வரையும்பொழுது, தம் கையொப்பத்தின் அருகில் 'கர்பியைப் பின்பற்றி' என்று பொருள்படச் சிறிய எழுத்தில் குறிப்பார்கள். அச்சிறு குறிப்பு இருந்தால் அந்தப் படம் வணக்கம். இல்லாவிடில் ஐயத்திற்கு இடம்.

நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்ததை நேயர்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதல்நூலோடு ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாடும் உடையது வழிநூல். ரசிகர் ஓவியத்திற்கு இதனினும் நல்ல இலக்கணம் எனக்குக் கிட்டவில்லை. வேறுபாடு சிறிதும் இல்லையாயின் அது பயிற்சி, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு வளர்ந்து வளர்ந்து முதல்நூலையே மறைக்கும் நிலை வந்தால் புதிய முதல்நூல் பிறந்துவிட்டது என்று பொருள்.

அப்படிப் பிறந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாஸாகி 1980ஆம் ஆண்டை ஒட்டி 'அர்ஸாக்'கைக் கண்டு வியந்தார். 1982இல் அவர் தொடங்கிய 'நௌசிகா' என்னும் சித்திரக்கதையும், 1984இல் அதிலிருந்து எடுத்த திரைப்படமும் மோபியஸின் தாக்கத்தில் விளைந்தவை என்பதை அவரே மறைக்காமல் கூறியிருக்கிறார். ஆனால் அப்படத்தில் கூம்புத் தொப்பியைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பறவையும் இல்லை. சிறகு போன்ற ஊர்தியில் ஒரு சிறுமி காற்றில் மிதந்து செல்கிறாள். கீழே மனிதனுக்கு அயலான பெருநிலம் விரிகிறது. அந்தப் பரப்பையும் அந்தத் தனிமையையும் மியாஸாகி எடுத்துக்கொண்டார், உருவங்களை விட்டுவிட்டார். மோபியஸ் என்ன செய்தார் தெரியுமா? பிற்காலத்தில் தமக்குப் பிறந்த மகளுக்கு நௌசிகா என்று பெயரிட்டார். மியாஸாகியின் நாயகியைத் தம் பாணியில் வரைந்தும் கொடுத்தார். குரு சீடனுக்கு வரைந்த ரசிகர் ஓவியம்! 2004 டிசம்பர் முதல் 2005 ஏப்ரல் வரை பாரிஸில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் இருவர் படங்களையும் ஒருங்கே வைத்துக் கண்காட்சி நடந்தது.

மற்றொருவர் காட்ஸுஹிரோ ஓடோமோ. 1982இல் 'அகிரா' என்னும் பெருங்கதையைத் தொடங்கியவர். கட்டடங்களையும் இடிபாடுகளையும் சலியாத நுணுக்கத்துடன் வரையும் அவர் கையில் மோபியஸின் தடம் உண்டு. அதனை அவரும் ஒப்புக்கொண்டவர். பிரான்ஸில் அங்கூலேம் நகரில் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த சித்திரக்கதை விழாவின் பெரும்பரிசு 1981இல் மோபியஸுக்கு வழங்கப்பட்டது. 2015இல் அதே பரிசு ஓடோமோவுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அவ்விழாவில் பல நாட்டுச் சித்திரக்காரர்கள் ஓடோமோவைப் போற்றி வரைந்த படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2017இல் அத்தகைய வணக்கப் படங்கள் தனி நூலாகவும் வந்தன. வணங்கியவரை வணங்கும் வரிசை இவ்வாறு நீள்கிறது.

மோபியஸ் தம்மைத் தொடர்பவர்களைத் தள்ளி நிறுத்தியவர் அல்லர். அமெரிக்க இளைஞர் ஜெஃப் டாரோவைச் சந்தித்து, அவருடன் சேர்ந்து 1985இல் 'நெருப்பு நகரம்' என்று பொருள்படும் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். 1988இல் அமெரிக்காவில், கர்பி உருவாக்கிய 'வெள்ளி அலைவீரன்' என்னும் பாத்திரத்தைத் தாமே எடுத்து வரைந்தார். கதை ஸ்டான் லீயுடையது. பிறர் பாத்திரத்தைத் தொடும்பொழுது எத்துணை மாற்றலாம், எத்துணை மாற்றலாகாது என்பதை அந்நூலில் கற்கலாம். 2021இல் லண்டனைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் 'ஸேபிள்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டனர். அதன் பாலைவனமும் சீரான மெல்லிய கோடும் மோபியஸிடமிருந்து வந்தவை என்பதைப் பார்த்தவுடன் அறியலாம். கதையும் உருவங்களும் அவர்களுடையவை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் ஓவியத்தின் உரிமை, வரைந்தவர் வாழும் காலமும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே ஜிரோவின் படங்களுக்கு இங்கே 2072ஆம் ஆண்டு முடியும் வரை உரிமை உண்டு. பிரான்ஸில் 70 ஆண்டுகள். ஆனால் சட்டம் காப்பது வரையப்பட்ட படத்தை, பாணியை அன்று. புள்ளிகளால் நிழலிடுவதற்கும், மணலை மஞ்சளாகத் தீட்டுவதற்கும் எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை. அர்ஸாக்கையே அப்படியே வரைந்து சட்டைகளில் அச்சிட்டு விற்றால் வழக்கு வரும். சொந்தப் பயிற்சிக்கு வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நிலத்தில்தான் ரசிகர்கள் வாழ்கிறார்கள். அங்கே சட்டத்தைக் காட்டிலும் உரிமையாளரின் பெருந்தன்மையே மிகுதியும் ஆட்சி செய்கிறது. ஆதலின் விற்பனை என்று வரும்பொழுது எழுதிக் கேட்டு அனுமதி பெறுவதே நலம்.

இக்காலத்தில் ஒரு புதிய சிக்கலும் சேர்ந்துவிட்டது. 2022 முதல், சில சொற்களைத் தட்டினால் படம் செய்து தரும் இயந்திரங்கள் பரவலாகப் புழங்குகின்றன. 'மோபியஸ் பாணியில்' என்று ஆணையிட்டால் சில நொடிகளில் வெளிர்நீல வானமும் பாலைவனமும் திரையில் விரியும். இயந்திரம் என்பதற்காகவே அதனை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஏகலைவன் துரோணருக்கு மண்ணால் உருவம் செய்து, அதன் முன் நாள்தோறும் வில் பிடித்தான். உருவத்தின் முன் உழைத்தமையால் அவன் கை தேர்ந்தது. ஆணையிட்டுப் பெறும் படத்தில் எவர் கையும் தேர்வதில்லை. அந்தக் குறுங்கோடுகள் ஏன் வளைகின்றன என்பதை எவரும் உணர்வதில்லை. ஐம்பது ஆண்டு உழைத்த ஒருவரின் பெயர், கடையில் பொருள் கேட்கும் சீட்டாக ஆகிவிடுகிறது. கடன் வாங்கியவர் இன்னார் என்று சுட்டக்கூட அங்கே ஆளில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது. இளைஞர் சிலர் இதில் என்னுடன் மாறுபடுவார்கள்.

என் மருமகனின் வினாவுக்கு வருகிறேன். சில நாள் கழித்து அவனை அருகில் அமர்த்திக்கொண்டு, "போட்டி நடத்தியவர்கள் பாதி சரி. தொப்பியும் பறவையும் உன்னுடையவை அல்ல; யாருடையவை என்று நீ எங்கும் எழுதவுமில்லை. பார்ப்பவர் என்ன நினைப்பார்? சிங்ககட் கோட்டை உன்னுடையது. அதை அவர்கள் கவனித்திருக்கலாம்" என்றேன்.

அவன் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மாமா, கோட்டைச் சுவரில் நான் போட்ட குறுங்கோடெல்லாம் தப்பு. பாறை ஒரு பக்கம் வளைகிறது, கோடு வேறு பக்கம் போகிறது" என்றான். நான் அதைக் கவனிக்கவேயில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அலமாரியிலிருந்த 'மின்னும் மரண'த்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "கேப்டன் டைகரா? இதை வரைந்தவரும் அவர்தானா!" என்று வியந்தவன், இரவு உணவுக்கு அழைத்தும் எழுந்து வரவில்லை. ஊர் திரும்பியபின் புதிய படமொன்றை அஞ்சலில் அனுப்பினான். இப்பொழுது பறவை இல்லை. கோட்டை முகட்டில் சிறியதோர் உருவம் முண்டாசுடன் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. கீழ்மூலையில் தன் பெயரும், அதன் கீழே 'ழான் ஜிரோவைப் பின்பற்றி' என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதியிருக்கிறான். வானத்தின் மஞ்சள் மட்டும் இன்னும் சற்று அதிகம். அதை அவனுக்கு எழுத வேண்டும்.